‘ஒரு நாளைக் கூட்டுவது எப்படி?’: பெங்களூரு தமிழ் டெவலப்பர் குழுவுக்கு வந்த ஒரு கேள்வி, ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

பெங்களூரில் வேலை பார்க்கும் தமிழ் டெவலப்பர்களுக்கென்று ஒரு டெலிகிராம் குழு இருக்கிறது. எலக்ட்ரானிக் சிட்டி, ஒயிட்ஃபீல்டு, கோரமங்களா என்று பல பக்கம் வேலை பார்ப்பவர்கள், ஓசூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவர்கள், வெளிநாட்டுக்குப் போன பின்னும் குழுவை விட்டு விலகாதவர்கள் என்று எல்லாரும் அதில் உண்டு. வேலை வாய்ப்புச் செய்தியும் வரும், வாடகைக்கு அறை இருக்கிறதா என்ற விசாரிப்பும் வரும். ஆனால் குழு உயிரோடு இருப்பதற்குக் காரணம் கோடிங் சந்தேகங்கள்தான். நான் அதன் அட்மின்களில் ஒருவன்.

இங்கே எழுதுவது அந்தக் குழுவில் நடந்த ஒரு நிகழ்வு. கேட்டவர், பதில் சொன்னவர்கள் எல்லாரிடமும் அனுமதி வாங்கிய பிறகே எழுதுகிறேன். யாருடைய பெயரும் இல்லை. எந்த நிறுவனம் என்று கண்டுபிடிக்க உதவும் விவரங்களையும் எடுத்துவிட்டேன். நிரலில் வந்த தேதிகளுக்குப் பதிலாக 2024 ஜூன் 12 என்ற ஒரே தேதியை உதாரணமாக வைத்திருக்கிறேன்.

கேட்டவர் இருபதுகளின் தொடக்கத்தில் இருக்கும் ஒரு பெண். தென் மாவட்டம் ஒன்றில் பொறியியல் படித்துவிட்டு வந்தவர், மடிவாளாவில் பிஜியில் தங்கியிருக்கிறார். வேலை, பல் மருத்துவ கிளினிக்குகளுக்கு முன்பதிவு மென்பொருள் செய்து கொடுக்கும் ஒரு சிறு நிறுவனத்தில். புரொபேஷன் இன்னும் முடியவில்லை. இந்தக் கடைசி விவரம் முக்கியம், ஏனென்றால் கேள்வி அப்படி வந்ததற்குப் பாதிக் காரணம் அதுதான்.

கேள்வி வந்த விதம்

மதியம் குழுவில் ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி விழுந்தது. ஜாவாஸ்கிரிப்டில் (பிரவுசரில் ஓடும் நிரல்மொழி) ஒரு தேதியுடன் ஒரு நாளைக் கூட்டுவது எப்படி, அவசரம். அவ்வளவுதான். எதற்காகக் கூட்ட வேண்டும், என்ன செய்து பார்த்தார், என்ன ஆனது, எதுவும் இல்லை.

பின்னால் தெரிந்த கதை இது. அன்று காலை ஜெயநகரில் உள்ள ஒரு கிளினிக்கிலிருந்து போன் வந்திருக்கிறது. நாளைக்கு வர வேண்டியவர்களின் பெயர் இன்றைய பட்டியலில் இருக்கிறது என்றார்கள். டேட்டாபேஸைத் திறந்து பார்த்தால் உண்மைதான், தேதி ஒரு நாள் முன்னால் நிற்கிறது. எங்கே குறைகிறது என்று தேடினார், பிடிபடவில்லை. சரி, குறைவதைக் கூட்டிவிட்டால் போயிற்று என்று முடிவு செய்துகொண்டார். குழுவுக்கு வந்தது அந்த முடிவு மட்டும்தான், பிரச்சினை அவரிடமே தங்கிவிட்டது.

மருந்துக் கடையில் மாத்திரையின் பெயரைச் சொல்லிக் கேட்டால் மாத்திரைதான் கிடைக்கும். என்ன உடம்புக்கு என்று யாரும் விசாரிப்பதில்லை. இந்தத் தொழிலில் இதற்கு ‘எக்ஸ்-ஒய் பிரச்சினை’ என்று பெயர் இருக்கிறது. எக்ஸ் என்ற சிக்கலைத் தீர்க்க ஒய் என்ற வழியை மனத்தில் முடிவு செய்துகொண்டு, எக்ஸைச் சொல்லாமல் ஒய்யைப் பற்றி மட்டும் கேட்பது. அனுபவசாலிகளும் இதைச் செய்கிறார்கள். புதியவர்கள் கூடுதலாகச் செய்வதற்குக் காரணம், முழுக் கதையைச் சொன்னால் தனக்கு ஒன்றும் தெரியாது என்று நினைப்பார்களோ என்ற பயம்.

வந்த பதில்கள்

முதலில் வந்தது பதில் இல்லை, “கூகுள் பண்ணிப் பார்த்தீங்களா?” என்ற கேள்வி. எழுதியவர் குழுவின் மூத்த உறுப்பினர், நன்றாக உதவக்கூடியவர். கேட்டவர் அதற்குப் பதில் எழுதவில்லை.

அடுத்து வந்த ஒருவர் சில நிமிடத்திலேயே நிரலைக் கொடுத்தார். தேதியின் நாள் எண்ணை எடு, ஒன்றைக் கூட்டு, திரும்ப வை. மாதக் கடைசியாக இருந்தால் அடுத்த மாதத்துக்கு அதுவே போய்விடும் என்ற விளக்கமும் கூடவே இருந்தது. கேட்ட கேள்விக்கு அது சரியான பதில். ஒரு ஏஐ கருவியிடமும் கேட்டவர் அதே வரியை அப்படியே கேட்டிருந்தார், அதே பதில்தான் வந்திருந்தது. குழுவைக் கேட்டது அதை உறுதிப்படுத்திக்கொள்ளத்தான்.

மூன்றாமவர் கொஞ்சம் யோசித்து, “முழு கோடைப் போடுங்க, பார்க்கலாம்” என்றார். உடனே ஒரு புகைப்படம் வந்தது.

புகைப்படம்

அலுவலக மடிக்கணினியில் டெலிகிராம் திறக்காது, நிறுவனம் அடைத்து வைத்திருக்கிறது. அதனால் போனில் திரையைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். படம் சாய்ந்திருந்தது, குழல் விளக்கின் வெளிச்சம் குறுக்கே விழுந்திருந்தது. பாதித் திரையில் நிரல். மீதிப் பாதியில் டேட்டாபேஸ் அட்டவணை: நோயாளிகளின் பெயர், கைபேசி எண், எந்தப் பல்லுக்கு என்ன சிகிச்சை என்று எல்லாம் படிக்கும்படி இருந்தது.

படத்தை உடனே நீக்கினோம். டெலிகிராமில் அட்மின் நீக்கினால் எல்லார் திரையிலிருந்தும் போய்விடும், ஆனால் அதற்குள் யாராவது தங்கள் போனில் சேமித்திருந்தால் நம்மால் எதுவும் செய்ய முடியாது. நீக்குவதற்கு முன்பே அவருக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பினேன். குழுவில் எல்லார் முன்னாலும் “இதைப் போடக் கூடாதும்மா” என்று எழுதியிருந்தால் அத்தோடு அவர் குழுவை விட்டே போயிருப்பார் என்பது என் கணிப்பு. தனிச் செய்தியில் மூன்று விஷயம் சொன்னேன். இது நோயாளிகளின் தகவல், இதைக் காப்பாற்றும் பொறுப்பு உங்கள் நிறுவனத்துக்கு உண்டு. படம் வெளியே போனதை டீம் லீடிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், பின்னால் வேறு வழியில் தெரிவதைவிட அது நல்லது. கேள்வியை விட்டுவிட வேண்டாம், படம் இல்லாமலும் கேட்க முடியும்.

கடைசியாகச் சொன்னது லேசான விஷயம் இல்லை. வேலைக்குச் சேரும்போது கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் நிறுவனத்தின் நிரலை வெளியே காட்டக் கூடாது என்று இருக்கும். குழுவோ “கோடைக் காட்டு” என்று கேட்கும். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்பவருக்கு உள்ள நல்ல வழி, பிரச்சினையை மட்டும் காட்டும் நான்கைந்து வரி நிரலைக் கற்பனைப் பெயர்களோடு புதிதாக எழுதுவது. 2008 முதல் இயங்கும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்ற கோடிங் கேள்வி-பதில் தளமும் கேள்வி கேட்பவரிடம் இதைத்தான் எதிர்பார்க்கிறது. பிரச்சினையைத் திரும்ப வரவழைத்துக் காட்டும் ஆகச் சிறிய உதாரணம். இதில் இன்னொரு ஆதாயமும் உண்டு. சுருக்கிக்கொண்டே போகும்போது பல பேருக்குப் பாதி வழியிலேயே விடை கிடைத்துவிடுகிறது.

அவருக்கு அப்படிக் கிடைக்கவில்லை, ஆனால் நிரலைச் சுருக்கிவிட்டார். அன்று மாலை போனில் மூன்று வரி தட்டச்சு செய்து போட்டார். ஜூன் 12 என்று ஒரு தேதியை உருவாக்கு, அதை ஐஎஸ்ஓ வடிவ எழுத்தாக (2024-06-12 என்று ஆண்டு, மாதம், நாள் வரிசையில் தொடங்கி, பின்னால் நேரம் வரும் வடிவம்) மாற்று, முதல் பத்து எழுத்தை மட்டும் எடு. எனக்கு ஜூன் 11 வருகிறது என்று கீழே எழுதியிருந்தார்.

‘எனக்குச் சரியா வருதே’

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

நியூ ஜெர்சியில் இருக்கும் ஓர் உறுப்பினர் அந்த மூன்று வரியைத் தன் கணினியில் ஓட்டினார். ஜூன் 12 வந்தது. “எனக்குச் சரியா வருதே, உங்க கோடில் வேறெங்கோ தப்பு” என்று எழுதினார். பெங்களூரிலேயே இருக்கும் இன்னொருவர் சந்தேகத்துக்கு ஓர் ஆன்லைன் கம்பைலரில் ஓட்டினார். நிரலைத் தன் சர்வரில் ஓட்டி விடையைக் காட்டும் தளம் அது. அங்கும் ஜூன் 12. இரண்டு பேர் சரியென்று சொன்னதும் கேட்டவர் தன்மேலேயே சந்தேகப்பட ஆரம்பித்தார். நிறுவனத்தின் தானியங்கிச் சோதனைகளும் எல்லாம் தேறிவிட்டன என்றுதான் காட்டின. சரி, ஏதோ நம் கணினியில்தான் கோளாறு என்று நினைத்து, ஒன்றைக் கூட்டும் நிரலைத் தேதிகளைச் சேமிக்கும் பொதுவான ஃபங்ஷனில் சேர்த்துவிட்டார். முன்பதிவு சரியாக விழுந்தது. குழுவில் நன்றி சொன்னார், நான்கைந்து பேர் கைகூப்பிய எமோஜி போட்டார்கள்.

உதவியவர்கள் யாரும் அலட்சியம் காட்டவில்லை. ஓட்டிப் பார்த்துத்தான் சொன்னார்கள். எங்கே ஓட்டினோம் என்பதை மட்டும் சொல்லவில்லை, அது தேவைப்படும் என்று அவர்களுக்குத் தோன்றவும் இல்லை.

இரண்டாவது பிழை

சில நாள் கழித்து அவரிடமிருந்து மறுபடி ஒரு வரி, மறுபடி ஆங்கிலத்தில். சில நேரம் மட்டும் தேதி ஒரு நாள் கூடிவிடுகிறது, சில நேரம் மட்டும் கழிப்பது எப்படி?

இந்த முறை பார்த்தவர் ஒயிட்ஃபீல்டில் பேக்எண்ட் வேலை செய்யும் ஓர் உறுப்பினர். குழுவில் பலர் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். அவர் நிரலைக் கேட்கவில்லை. “கோடு அப்புறம் பார்க்கலாம்மா. முதல்ல என்ன செய்யப் போனீங்க? கடைசியா எப்போ சரியா ஓடுச்சு? தமிழ்லயே ஒரு வாய்ஸ் நோட் போடுங்க” என்றார்.

வந்த குரல் பதிவில் இருந்ததை ஏறக்குறைய அப்படியே தருகிறேன்:

“அக்கா, கொஞ்ச நாள் முன்னாடி வரைக்கும் சரியாத்தான் இருந்துச்சு. கிளினிக் லீவு நாளெல்லாம் கலர்ல காட்டணும்னு கேட்டாங்க, அதுக்காக நான்தான் புக்கிங் ஸ்க்ரீன்ல புது காலண்டர் போட்டேன். அதுக்கப்புறம் புக் பண்ற தேதி ஒரு நாள் முன்னாடி போய் நிக்குது. சரின்னு ஒண்ணு கூட்டினேன், அது சரியாயிடுச்சு. இப்போ, ஏற்கெனவே புக் பண்ணவங்க தேதியை மாத்துனா ஒரு நாள் பின்னாடி போகுது. அந்த ஸ்க்ரீன்ல புது காலண்டர் கிடையாது, பழைய டேட் பாக்ஸ்தான். சர்வர்ல டெஸ்ட் ஓட்டுனா எல்லாம் பாஸ் ஆகுது, என் லேப்டாப்லதான் தப்பா வருது.”

நோயைக் கண்டுபிடிக்க வேண்டிய எல்லாமே இதில் இருக்கிறது. எப்போது மாறியது, எது மாறியது, எந்தத் திரையில் வருகிறது, எதில் வரவில்லை, எந்த இயந்திரத்தில் வருகிறது, எதில் வரவில்லை. ஆங்கிலத்தில் கேட்ட இரண்டு கேள்வியிலும் இவற்றில் ஒன்றுகூட இல்லை. அவருக்கு ஆங்கிலம் வராது என்று அர்த்தமில்லை. தொழில்நுட்பக் கேள்வி என்றால் ஆங்கிலத்தில், சுருக்கமாக, தெரிந்தவர் மாதிரி கேட்க வேண்டும் என்று நினைத்திருக்கிறார். ஸ்டாக் ஓவர்ஃப்ளோவுக்கு ஆங்கிலம் தவிர ஸ்பானிஷ், போர்ச்சுகீஸ், ரஷ்யன், ஜப்பானிய மொழிகளில் தனித் தளங்கள் உண்டு, தமிழில் கிடையாது. தமிழில் முழுக் கதையைச் சொல்ல இந்த மாதிரிக் குழுக்கள்தான் இடம். அந்த இடத்திலும் ஒரு வரி ஆங்கிலத்தில் கேட்டுவிட்டுப் போனால், குழு இருந்தும் பயனில்லை என்று எனக்குப் படுகிறது.

பிழையின் வேர்

அக்கா பத்து நிமிடத்தில் விஷயத்தைப் பிடித்துவிட்டார். வாசகர்களுக்கும் உதவும் என்பதால் அவர் சொன்னதை விளக்குகிறேன்.

ஜாவாஸ்கிரிப்டின் ‘டேட்’ என்பது பெயருக்குத்தான் தேதி. உள்ளே அது வைத்திருப்பது ஒரு கணத்தை: 1970 ஜனவரி 1, யுடிசி நள்ளிரவிலிருந்து எத்தனை மில்லி விநாடி என்ற எண். யுடிசி என்பது ஊருக்கு ஊர் மாறும் நேரங்களுக்கெல்லாம் அடிப்படையான உலகப் பொது நேரம். மொழி 1995-ல் பிறந்தபோது ஜாவா என்ற இன்னொரு நிரல்மொழியிலிருந்து அப்படியே எடுத்துக்கொண்ட அமைப்பு அது. நேரம் இல்லாமல் வெறும் ‘ஜூன் 12’ என்று வைத்துக்கொள்ள அதில் இடமில்லை.

புது காலண்டரில் ஜூன் 12-ஐத் தொட்டால், அது இந்திய நேரப்படி ஜூன் 12 நள்ளிரவு 00:00 என்ற கணத்தைத் தருகிறது. ஐஎஸ்ஓ எழுத்தாக மாற்றும் ஃபங்ஷன் எப்போதும் யுடிசியில்தான் எழுதும். நாம் யுடிசிக்கு ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம், ஆகவே அதே கணம் யுடிசியில் ஜூன் 11, 18:30. முதல் பத்து எழுத்தை வெட்டினால் 2024-06-11. தேதி குறைந்தது இங்கேதான்.

நியூ ஜெர்சி கோடையில் யுடிசிக்கு நான்கு மணி நேரம் பின்னால். அங்கே ஜூன் 12 நள்ளிரவு என்றால் யுடிசியில் ஜூன் 12, 04:00. தேதி மாறவில்லை. ஆன்லைன் கம்பைலரின் சர்வரும், நிறுவனத்தின் சோதனை ஓடும் சர்வரும் யுடிசியிலேயே இருப்பவை, அங்கே 00:00 என்பது 00:00-தான். ஆக, யுடிசிக்கு முன்னால் உள்ள நேரத்தில் ஓட்டுபவருக்கு மட்டும்தான் பிழை தெரியும். லண்டனில் இருக்கும் ஓர் உறுப்பினர் அன்று குறுக்கிட்டு, கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் நகர்த்துவதால் தனக்கு ஜூன் தேதியில் தப்பாக வருகிறது, ஜனவரி தேதியைக் கொடுத்தால் சரியாக வருகிறது என்று எழுதினார். இந்த விளக்கத்துக்கு அதைவிட நல்ல சான்று கிடைத்திருக்காது.

சரி, தேதி மாற்றும் திரை ஏன் எதிர்ப்பக்கம் போனது? அங்கே இருந்தது பிரவுசர் தரும் சாதாரணத் தேதிப் பெட்டி. அது 2024-06-12 என்று எழுத்தாகவே தரும். நேரம் இல்லாமல் தேதி மட்டும் இருக்கும் அந்த எழுத்தை ‘டேட்’டாக மாற்றினால், ஜாவாஸ்கிரிப்ட் அதை யுடிசி நள்ளிரவு என்று எடுத்துக்கொள்கிறது. திரும்ப ஐஎஸ்ஓவாக மாற்றினால் அதே 12. ஆக, அந்தத் திரையில் எப்போதுமே பிழை இல்லை. பொதுவான ஃபங்ஷனில் சேர்த்த கூட்டல் அந்தத் திரைக்கும் போய்ச் சேர்ந்து, சரியாக இருந்ததைக் கெடுத்துவிட்டது. தேதி மாற்றுபவர்கள் குறைவு என்பதால் சில நாள் யாருக்கும் தெரியவில்லை.

நியூ ஜெர்சி உறுப்பினர் முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. அக்கா அவரிடம் வாதம் செய்யவில்லை. குரோம் பிரவுசரின் டெவலப்பர் கருவிகளில் ‘சென்சார்ஸ்’ என்று ஒரு பகுதி உண்டு, அதில் நகரத்தைத் தேர்ந்தெடுத்தால் பிரவுசர் அந்த ஊர் நேரத்தை எடுத்துக்கொள்ளும். “லிஸ்ட்ல மும்பை இருக்கும், அதை வச்சிட்டு அதே மூணு வரியை ஓட்டுங்க” என்றார். ஒரு நிமிடத்தில் அவரிடமிருந்து பதில் வந்தது: “11 வருது. இத்தனை வருஷமா இங்கேயே உட்கார்ந்து இதைப் பார்த்ததே இல்லை.”

எடுத்த முடிவுகள், காரணங்கள்

தீர்வு கிடைத்த பின்னும் நான்கு விஷயத்தில் முடிவெடுக்க வேண்டியிருந்தது.

ஒன்றைக் கூட்டச் சொன்ன பதிலை நீக்கலாமா என்று அட்மின்களுக்குள் பேச்சு வந்தது. நீக்க வேண்டாம் என்று முடிவு செய்தோம். அது தப்பான பதில் இல்லை. நாளைக் கூட்ட வேண்டிய தேவை உண்மையிலேயே உள்ளவருக்கு அது பயன்படும். எழுதியவரிடமே சொல்லி, “தேதி தானாக ஒரு நாள் குறைகிறது என்பதால் இதைத் தேடுகிறீர்கள் என்றால், இது உங்களுக்கான தீர்வு இல்லை, கீழே பார்க்கவும்” என்று சேர்க்க வைத்தோம். முதலில் அவருக்கு வருத்தம். கேட்டதற்குத்தானே பதில் சொன்னேன் என்றார். அதில் நியாயம் இருக்கிறது, அதை அவரிடம் சொல்லவும் செய்தோம். பிறகு அவரே திருத்தினார்.

“கூகுள் பண்ணிப் பார்த்தீங்களா?” என்று கேட்டவரிடம் நான் தனியாகப் பேசினேன். அவர் பக்கமும் கேட்க வேண்டியதுதான். வேலை முடிந்து வந்து சம்பளம் இல்லாமல் பதில் சொல்பவருக்கு, தேடினால் கிடைக்கும் கேள்வியே திரும்பத் திரும்ப வந்தால் சலிப்பு வரும். ஆனால் இந்த நிகழ்வில் தேடியிருந்தாலும் கேட்டவருக்குக் கிடைத்திருப்பது அதே கூட்டல்தான். எதைத் தேட வேண்டும் என்றே தெரியாதவரிடம் தேடச் சொல்வதில் பயனில்லை. பொறுமை இல்லாத நாளில் பதில் சொல்லாமல் விடுவதில் தவறே இல்லை, வேறு யாராவது பார்ப்பார்கள் என்று பேசி முடித்தோம்.

அடுத்தது, கெட்டுப்போன பழைய பதிவுகள். எல்லாத் தேதியையும் ஒரே கட்டளையில் மாற்றிவிடலாம் என்று குழுவில் இரண்டு பேர் கட்டளையையே எழுதிக் கொடுத்தார்கள். அக்கா அதைத் தடுத்தார், எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. கிளினிக் வரவேற்பில் இருப்பவர்கள் பல தேதிகளைக் கையாலேயே திருத்தியிருக்கிறார்கள். எல்லாவற்றையும் ஒரு நாள் நகர்த்தினால், அவர்கள் திருத்தியவை மறுபடி தப்பாகிவிடும். அதோடு, நோயாளிகளின் பதிவை மாற்றும் முடிவை எடுக்க வேண்டியது நிறுவனம். ஒரு டெலிகிராம் குழுவுக்கு அந்த இடத்தில் வேலையில்லை. “இதை உன் லீடுகிட்ட கொண்டு போம்மா. எப்போ காலண்டர் மாறுச்சு, எப்போ ஒண்ணு கூட்டினே, இந்த ரெண்டு தேதியையும் எழுதி எடுத்துட்டுப் போ” என்றார் அக்கா.

கடைசியாக, கண்டுபிடித்தது குழுவுக்குத் திரும்ப வர வேண்டும். குரல் பதிவில் நடந்த உரையாடல் தேடலில் அகப்படாது. அடுத்த மாதம் இதே சிக்கலோடு வருபவருக்கு அது இல்லாததற்குச் சமம். அதனால் கேட்டவரையே முழுவதும் எழுதிப் போடச் சொன்னோம். தமிழில், கற்பனை உதாரணத்தோடு, என்ன செய்யப் போனேன் என்பதில் தொடங்கி எழுதினார். நன்றாகவே எழுதினார்.

அதன்பின் நடந்தது

அவர் லீடிடம் இரண்டு விஷயத்தையும் சொன்னார், புகைப்படம் போனதையும் சேர்த்து. திட்டு விழுந்தது, அதை அவர் மறைக்கவில்லை. ஆனால் புது காலண்டரை வெளியிடும் முன் அதைப் பார்த்து ஒப்புதல் தந்தவர் லீட்தான் என்பதால் பழி ஒருவர்மேல் மட்டும் விழவில்லை. இனி வரவிருக்கும் முன்பதிவுகளைப் பட்டியல் எடுத்து, ஒவ்வொரு கிளினிக்கையும் போனில் கூப்பிட்டுச் சரிபார்த்தார்கள். கடந்துபோன தேதிகளைத் தொடவில்லை.

நிரலில் கூட்டலை எடுத்துவிட்டார்கள். காலண்டர் தரும் ‘டேட்’டிலிருந்து ஆண்டு, மாதம், நாள் மூன்றையும் உள்ளூர் நேரப்படி தனித்தனியே எடுத்து, 2024-06-12 என்ற எழுத்தாகத் தாங்களே கட்டினார்கள். ஐஎஸ்ஓ மாற்றமே வேண்டாம், தேதி கடைசிவரை எழுத்தாகவே போய் டேட்டாபேஸில் தேதி வகை நெடுவரிசையில் விழுகிறது. இதிலும் ஒரு சின்னச் சறுக்கல் நடந்தது. ஜாவாஸ்கிரிப்டில் மாதம் பூஜ்யத்திலிருந்து எண்ணப்படும், ஜனவரி என்றால் 0. அதை மறந்து எழுதிய முதல் வடிவில் ஜூன், மே ஆனது. ஆனால் இந்த முறை சோதனையே அதைப் பிடித்துவிட்டது.

சோதனைகளையும் மாற்றினார்கள். சர்வர் யுடிசியில் இருந்தாலும், சோதனை ஓடும்போது நேர மண்டலத்தை ஆசியா/கொல்கத்தா என்று வைத்து ஒரு முறை, அமெரிக்கா/நியூயார்க் என்று வைத்து ஒரு முறை ஓட்டுகிறார்கள். கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று. பயனர்கள் எல்லாரும் பெங்களூரில் இருக்கும்போது நியூயார்க் எதற்கு என்று கேட்கலாம். எழுத்திலிருந்து ‘டேட்’டாக்கித் திரையில் காட்டும் பக்கங்களில் இதே பிழை மேற்கே உள்ளவர்களுக்குத்தான் வரும்: யுடிசி ஜூன் 12 நள்ளிரவு அங்கே இன்னும் ஜூன் 11 மாலை. பிழை எந்த வாசல் வழியாக வந்தாலும் பிடிபட வேண்டும் என்பதுதான் நோக்கம். தேதியை நேரமில்லாமல் தேதியாகவே வைத்துக்கொள்ள ‘டெம்போரல்’ என்ற புதிய வசதி ஜாவாஸ்கிரிப்டுக்கு வந்துகொண்டிருக்கிறது, அது எல்லாப் பிரவுசரிலும் பரவும்வரை இந்தக் கவனம் தேவை.

குழுவில் என்ன மாறியது

கேள்விக்கென்று ஒரு படிவம் வைத்து, நிரப்பாதவர் கேள்வியை நீக்கிவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. பெரிய தளங்களுக்கு அது தேவைப்படலாம். நாங்கள் வேண்டாம் என்றோம். இந்தப் பெண்ணின் முதல் கேள்வியைப் படிவம் தடுத்திருக்கும், அதன்பின் அவர் கேட்டிருக்கவே மாட்டார். தவறான தேதிகளோடு கிளினிக்குகள் அப்படியே ஓடியிருக்கும். சுமையைக் கேட்பவர்மேல் ஏற்றுவதைவிட, முதலில் பதில் சொல்ல வருபவர் இரண்டு கேள்வி கேட்பது எளிது: என்ன செய்யப் போனீர்கள், கடைசியாக எப்போது சரியாக ஓடியது. அக்கா கேட்ட அதே இரண்டுதான். குழுவின் மேல் அதைப் பின் செய்து வைத்திருக்கிறோம்.

பதில் சொல்பவருக்கும் ஒன்று சேர்த்தோம். “எனக்குச் சரியா வருது” என்று எழுதினால், எங்கே ஓட்டினீர்கள் என்பதும் கூடவே இருக்க வேண்டும்: எந்த பிரவுசர் அல்லது நோட் (பிரவுசருக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் மென்பொருள்) பதிப்பு, சொந்தக் கணினியா சர்வரா, எந்த ஊர் நேரம். ஏஐ கருவியிலிருந்து எடுத்த பதில் என்றால், ஓட்டிப் பார்த்தபின் போட வேண்டும், அங்கிருந்து எடுத்தது என்றும் சொல்ல வேண்டும்.

தமிழில் கேட்கலாம், குரலிலும் கேட்கலாம் என்று வெளிப்படையாக எழுதி வைத்தோம். குரலில் வந்தால் பதில் சொல்பவரோ அட்மினோ அதன் சாரத்தை இரண்டு வரி தட்டச்சு செய்துவிட வேண்டும். இது எல்லா நாளும் நடக்கிறது என்று சொல்ல முடியாது, ஆனால் நடக்கும் நாட்களில் பழைய பதில்கள் தேடலில் அகப்படுகின்றன.

திரையைப் படம் எடுத்துப் போடும் பழக்கம்தான் இன்னும் முழுதாகத் தீரவில்லை. அலுவலக மடிக்கணினியைத் தவிர வேறு கணினி இல்லாதவர்கள் குழுவில் நிறைய உண்டு. அதில் டெலிகிராம் திறக்காது, போனில் நிரலைத் தட்டச்சு செய்வது கஷ்டம். அவர்களிடம் படம் போடாதீர்கள் என்று மட்டும் சொன்னால் கேள்வியே வராது. இப்போதைக்குச் சொல்வது இது: ஜாவாஸ்கிரிப்டைப் போன் பிரவுசரிலேயே எழுதி ஓட்டிப் பார்க்க உதவும் ‘பிளேகிரவுண்ட்’ தளம் ஒன்றைத் திறந்து, பிரச்சினையைக் காட்டும் மூன்று நான்கு வரியை மட்டும் அதில் எழுதி, அதன் இணைப்பைக் குழுவில் போடுங்கள். பெயர், எண் எல்லாம் கற்பனையாக இருக்கட்டும். அதையும் செய்ய முடியாத நாளில் ஒரு குரல் பதிவு போதும், நிரலை நாங்கள் எழுதிக்கொள்கிறோம்.